தராசில் ஏறுவதற்கு முன்

பழைய பேப்பர், போத்தல், இரும்பு வாங்குகிறவர்கள் கொழும்பு, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளுக்கு இன்றும் வருகிறார்கள். கையில் தராசு இருக்கும். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கால் தையல் மெசினை அவர்களிடம் கொடுத்தால், அது இத்தனை கிலோ இரும்பு என்றுதான் கணக்காகும். அதன் கால்களில் ஓடும் கொடிவேலைப்பாட்டுக்கோ, எவ்வளவு காலமானாலும் தளராத உறுதிக்கோ அங்கே விலை கிடையாது. அதில் வாங்குகிறவரின் குற்றம் எதுவும் இல்லை. அவர் வாங்குவது உலோகத்தை. வடிவத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த முடிவை வீட்டுக்காரர்தான் எடுக்க வேண்டும், அதுவும் பொருள் தராசில் ஏறுவதற்கு முன்.

பழையதை உருக்கிப் புதிதாக வார்ப்பது மீள்சுழற்சி. பழையதன் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு வேறு வேலை கொடுப்பது மீள்பயன்பாடு. இரண்டும் நல்லவைதான், ஆனால் இரண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றல்ல. ஒரு கண்ணாடிப் போத்தலை உருக்கி மறுபடி போத்தலாக்க ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் சூடுள்ள உலை வேண்டும். அதே போத்தலைக் கழுவி மல்லித்தூள் போட்டு வைக்கச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போதும். முதலில் அதை ஊதி வடித்தபோது செலவான எரிபொருளும் உழைப்பும் வீணாகாமல் நிற்கின்றன. அதனால் முதலில் வடிவத்தோடு பயன்படுத்திப் பார்ப்பது, முடியாதபோது தராசில் ஏற்றுவது என்ற வரிசைதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

குப்பை எங்கே போகிறது என்ற கேள்வியைக் கொட்டாஞ்சேனைக்காரர் தூரத்திலிருந்து கேட்க வேண்டியதில்லை. புளூமெண்டால் குப்பைமேடு இந்தப் பகுதியின் தலைமாட்டிலேயே எழுந்து நின்றது. 2009 வரை கொழும்பின் குப்பை அங்கேதான் குவிந்தது. பிறகு அது மீதொட்டமுல்லைக்கு மாறியது. 2017 ஏப்ரல் 14, புதுவருடத்தன்று, மீதொட்டமுல்லை மேடு சரிந்து வீடுகளை மூடியதில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கறிச்சட்டியில் மிஞ்சியதும் உடைந்த கதிரையும் கிழிந்த மெத்தையும் எல்லாமாகச் சேர்ந்துதான் அந்த மேடு. ஒரு வீடு ஒரு மேசையை மீட்டெடுத்தால் மலை குறைந்துவிடாது என்பது உண்மை. ஆனாலும் நம் வாசலைத் தாண்டியதும் பொருள் மறைந்துபோவதில்லை, இன்னொருவர் வாசலுக்குப் போகிறது என்பதை அந்த நாள் இந்த நகரத்துக்குச் சொன்னது.

மீண்டும் கால் மெசினுக்கு வருவோம், ஏனென்றால் பழக ஏற்ற முதல் பொருள் அதுதான். சிங்கர் நிறுவனம் 1877 இலேயே இலங்கையில் கால் பதித்துவிட்டது. அதனால் பழைய வீடுகளில் அந்த இரும்புக் கால்கள் இன்னமும் அகப்படும். மேலே இருக்கும் தையல் தலையைக் கழற்றிவிட்டால் கீழே மிஞ்சுவது நல்ல ஒரு மேசைக்கான தாங்கி. ஆனால் அது வார்ப்பிரும்பு. பாரத்தைச் சுகமாகத் தாங்கும், அடி பட்டால் வளையாது, உடையும். உடைந்ததைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்டினால் பக்கத்திலேயே வெடிப்பு விடும். அதற்கென்று தனிக் குச்சியும் சூடேற்றும் முறையும் வேண்டும். ஆகவே புதுத் துளை போடாமல், ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் நட்டுப் போட்டுப் பலகையை இறுக்குவதே பாதுகாப்பு. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துடைத்து, துருத்தடுப்புப் பெயின்ட் ஒரு கை அடித்த பிறகு நிறம் பூச வேண்டும். மிதிபலகையும் பெரிய சில்லும் சுழலும்படி விட்டால் பார்க்க அழகுதான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். விரல் நசியும். தோல் வாரைக் கழற்றி, சில்லை ஒரு கம்பியால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். மேலே போட ஒரு பழைய கதவுப் பலகை கிடைத்தால் படிக்கும் மேசை தயார். போல்ட், பெயின்ட், கம்பித் தூரிகை எல்லாம் பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் வாங்கலாம்.

இந்த ஒரு வேலையில் இருக்கும் பாடம் மற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும். ‘இதை வைத்து என்ன செய்யலாம்’ என்ற கேள்வியில் தொடங்கினால் பெரும்பாலும் அலங்காரப் பொருள்தான் வரும், ஆறு மாதத்தில் அதுவும் தூசி பிடிக்கும். ‘இது எதனால் ஆனது, இன்னும் எதைத் தாங்கும்’ என்று கேட்டுத் தொடங்கினால் பயனுள்ள பொருள் வரும்.

இதை நம்மவர்கள் கடினமான ஒரு காலத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1990 முதல் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றரி கிடையாது. அப்போது வீட்டுக்கு வீடு எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், அதிலிருந்து ஒரு திரி. போத்தலின் சுவரே காற்றை மறைக்கும் சிமினியாகிவிடும். பெரிய விளக்கு குடிக்கும் எண்ணெயில் மிகச் சிறிய பங்குதான் இதற்கு. அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறையே இருக்கிறது. அவர்களில் எத்தனையோ குடும்பங்கள் பின்னர் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் வந்து சேர்ந்தன.

வானொலிக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைச் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். அது ஏன் வேலை செய்தது என்று பார்ப்பது முக்கியம். சைக்கிள் டைனமோ 6 வோல்ட் விளக்குக்காகச் செய்யப்பட்டது. ஒன்றரை வோல்ட் பற்றரி நான்கு போடும் வானொலிக்கும் வேண்டியது அதே 6 வோல்ட். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு நேரோட்டம் தேவை. இடையில் டயோட் போட்டால் அது நேராகும். டைனமோவை விளக்கின் துணைப்பொருளாக மட்டும் பார்த்திருந்தால் இது தோன்றியிருக்காது. அது மின்சாரம் பிறப்பிக்கும் சாதனம், இத்தனை வோல்ட் தரும் என்று தெரிந்தவருக்குத்தான் தோன்றும்.

தட்டுப்பாடு 2022 இல் வேறு வடிவத்தில் முழு நாட்டுக்கும் வந்தது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்ததால், இருக்கும் வண்டியை ஓடவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் எதற்காக இருக்கின்றன என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. ஒரு வண்டியைப் பிரித்து அதன் ஒவ்வொரு உறுப்பையும் இன்னொரு வண்டிக்குள் வாழவைக்கும் அறிவு அங்கே தெரு முழுக்கக் கிடக்கிறது. அதைத் தரக்குறைவான வியாபாரமாகப் பார்க்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

இனி மரம். கொழும்பில் ஒரு பழைய வீடு இடிபடும்போது கிடைக்கும் கதவு, யன்னல், வளை எல்லாம் பெரும்பாலும் பலா, தேக்கு, முதிரை. இன்று கடையில் புதிதாக வாங்கும் பலகையை விடப் பழைய மரம் ஒரு விடயத்தில் உயர்ந்தது: அது ஏற்கெனவே உலர்ந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். புதுப் பலகை உலர உலர முறுக்கும், இணைப்பு விலகும். ஐம்பது அறுபது வருடம் கடற்காற்றில் நின்ற கதவு அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது.

வாங்கும்போது ஒரு சிறிய ஆணியை எடுத்து விளிம்புகளிலும் அடிப்பகுதியிலும் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உள்ளே கறையான் அல்லது உளுப்பு. மேலே மாவு போலத் தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உயிரோடு வேலை செய்கிறது. அந்தப் பலகையை வீட்டுக்குள் கொண்டுபோனால் மற்றத் தளபாடங்களுக்கும் பரவும். இழைப்பதற்கு முன் ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். மறைந்திருக்கும் ஒரே ஒரு ஆணி தச்சரின் இழைப்புளி அலகைக் கெடுத்துவிடும். அவர் பழைய மரத்தில் வேலை செய்யத் தயங்குவதற்கு முதல் காரணமே அதுதான். நீங்களே ஆணி பிடுங்கிச் சுத்தமாக்கிக் கொண்டுபோனால் கூலியும் குறையும், முகமும் மலரும்.

பெயின்ட் விடயத்தில் கவனம் மிக முக்கியம். இலங்கையில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கதவிலும் தொட்டிலிலும் இருக்கும் எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. உலர்ந்தபடி சாண்ட்பேப்பர் போட்டால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும். நிலத்தில் தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குள் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. அதனால் தண்ணீர் நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். தொடர்மாடி வீட்டின் வரவேற்பறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால் உரிக்காமல் மேலே புதுப் பூச்சு அடித்து மூடிவிடலாம். குழந்தை கடிக்கக்கூடிய எதையும் பழைய பூச்சு மரத்தில் செய்யாதீர்கள்.

இடிபட்ட வீட்டின் மரத்தைப் பெரிய அளவில் மதித்தவர் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. கொழும்பு 33ஆவது ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி, 1960களில் தனக்கான ஒரே வீடாக்கினார். அதற்குள் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய தூண்களை நிறுத்தினார். இந்தத் தூண்கள் நமக்கு அந்நியமல்ல. செட்டிநாட்டிலிருந்து வந்து தொழில் நடத்தியவர்களின் பெயரைத்தான் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துச் செட்டியார் தெரு தாங்கி நிற்கிறது. பர்மா, இலங்கை, மலாயாத் தொழில்கள் சரிந்து, பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாமல் பிரித்து விற்றபோது, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து எத்தனையோ ஊர்களுக்குப் போயின.

பாவா 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய வீட்டின் கதை இன்னும் வியப்பானது. நிலம் கைமாறி வீடு இடிபட வேண்டிய நிலை வந்தபோது, அதை ஓடு, கல், மரம் என்று இலக்கமிட்டுப் பிரித்தார்கள். பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுனுகங்கைத் தோட்டத்தில் அந்த வீட்டை மறுபடி எழுப்பி 2016 இல் முடித்தார்கள். நம்மால் ஒரு வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் பிரிப்பதற்கு முன் இலக்கமிடுவது என்ற பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய அலுமாரியைக் கழற்றும்போது ஒவ்வொரு பலகையின் மறைவான பக்கத்திலும் சோக்கால் இலக்கம் எழுதி, கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டால், திரும்பப் பூட்டும் வேலையில் பாதி முடிந்தது.

துணியில் நம் வீடுகளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியை விடப் பலமுறை துவைத்த பருத்திச் சேலைதான் நல்லது என்று அம்மம்மாக்கள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. துவைக்கத் துவைக்கக் கஞ்சியும் மிகைச் சாயமும் போய்விடும், நூல் மிருதுவாகும், இனிச் சுருங்கவும் செய்யாது. ஏணை கட்டுவது, அணையாடை கிழிப்பது எல்லாம் அந்த அறிவுதான். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்கும் காந்தாவும் அதுவே. அந்தத் தையலுக்கான நூலைக் கூட அவர்கள் பழைய சேலையின் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள்.

பட்டுச் சேலை என்றால் அவசரப்பட்டுக் கத்தரிக்க வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பு வழியே இற்றுப்போயிருக்கும். உடல்பகுதி இற்றாலும் முந்தானையும் கரையும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும், ஏனென்றால் அங்கே நெசவு நெருக்கம். அவற்றை வேறு பருத்தித் துணியில் வைத்துத் தைத்தால் மெத்தை உறை, யன்னல் திரை, பிள்ளையின் பாவாடைக் கரை எதுவும் ஆகும். பின்னால் தாங்கும் துணி இல்லாமல் பழைய பட்டை மட்டும் வைத்துத் தைத்தால் தையல் வழியே கிழியும். இன்னொன்று: பழைய அசல் சரிகையில் வெள்ளி உண்டு. வெட்டுவதற்கு முன் விடயம் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஆடைத் தொழிற்சாலைகள் கழிக்கும் துணியிலிருந்து உடுப்பு வடிவமைப்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். ஹவுஸ் ஒஃப் லோனாலி அப்படி ஒன்று. அறுகம்பேயில் ரைஸ் அண்ட் கெரி என்ற நிறுவனம் வெற்று அரிசிச் சாக்குகளைக் கழுவித் தோள்பையாகத் தைக்கிறது. கொட்டாஞ்சேனைத் தையற்காரர் ஒருவருக்கு இது சிரமமான வேலையே அல்ல. சாக்கின் பின்னலை வெட்டினால் ஓரம் பிரியும், அதனால் விளிம்பை இரண்டு முறை மடித்தோ, நாடா வைத்தோ தைக்கச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்தால் அந்த இழை பொடிந்துபோகும். மாடித் தோட்டத்துக்கு அந்தப் பை சரிவராது.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து போன ஒரு பொருளின் பின்கதையையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தேயிலை நீண்ட காலம் மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான் கப்பலேறியது. விளிம்பில் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன அந்தப் பெட்டிகளை, தேயிலையை இறக்கிய பிறகு, பிரித்தானியாவில் வீடு மாறுகிறவர்கள் பாத்திரம் அடுக்கப் பயன்படுத்தினார்கள். 1950களில் அங்கே இளைஞர்கள் அந்தப் பெட்டியில் ஒரு தும்புத்தடியைச் செருகி, உச்சியிலிருந்து ஒரு நூலை இழுத்துக் கட்டி, பேஸ் வாத்தியமாக்கினார்கள். ஜோன் லெனன் 1956 இல் லிவர்பூலில் தொடங்கிய முதல் குழுவிலும் தேயிலைப் பெட்டி பேஸ்தான் இருந்தது. மெல்லிய பலகை, உள்ளே வெற்றிடம், அதனால் நாதம் எழும். அவர்களும் பெட்டியின் உடம்பைப் படித்தவர்கள்தான்.

கண்ணாடிப் போத்தலைப் பற்றி என் கருத்து ஒன்றே: வெட்டாதீர்கள். நூலை எண்ணெயில் நனைத்துச் சுற்றிக் கொளுத்தி, தண்ணீரில் அமிழ்த்தி உடைக்கும் காணொளிகள் நிறைய உண்டு. வெடிப்பு எங்கே போகும் என்று யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. முழுப் போத்தலாகவே அது போதிய பயன் தரும். அதை மேசை விளக்காக்க விரும்பினால் 230 வோல்ட் வயரை நீங்களே இழுக்காமல் மின்வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது பற்றரியில் எரியும் எல்ஈடி விளக்கோடு நின்றுவிடுங்கள்.

டயர், பேணி, வாளி. இங்கேதான் நுளம்பு வருகிறது. 2017 இல் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. பழைய டயரைப் பூந்தொட்டியாக்கும் ஆசை நல்லது, ஆனால் அதன் உட்குழியில் தேங்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். அடியில் மட்டும் துளை போட்டால் போதாது. நிற்கும் நிலையில் தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் துளை வேண்டும், உட்குழி முழுக்க மண் நிரம்ப வேண்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் நுளம்பின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உலர்ந்தபடி கிடக்கும், மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் தேய்த்துக் கழுவ வேண்டும். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும் கூட. ‘என்றாவது உதவும்’ என்று மொட்டைமாடியில் பேணியும் வாளியும் சேர்த்து வைப்பதை மீள்பயன்பாடு என்று சொல்ல முடியாது. எதற்கென்று தெரிந்து, அளவும் எடுத்தாகிவிட்டதென்றால் வைத்திருங்கள். இல்லையென்றால் அந்த மாதமே கொடுத்துவிடுங்கள். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் ஒரு சதுர அடி இடம் எவ்வளவு அருமை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சில பொருட்களைத் தொடக்கூடாது. துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் பெரிய நீலப் பீப்பாய்களில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாவிட்டால் அதில் குடிதண்ணீர் சேர்க்காதீர்கள். இரசாயனம் பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும், எத்தனை தரம் கழுவினாலும் முழுதாகப் போகாது. பூச்சிமருந்துக் கலனும் பெயின்ட் வாளியும் சாப்பாட்டுப் பக்கம் வரவே கூடாது. அச்சடித்த பழைய கடதாசியில் சூடான வடையை நேரடியாகச் சுற்றுவதும் அப்படித்தான். மை எண்ணெயில் கரையும். ஒருமுறை விபத்தில் அடிபட்ட ஹெல்மட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளிருக்கும் தெர்மோகோல் நசிந்திருக்கும். அதைச் செடித்தொட்டியாக்குங்கள், தலையில் போடாதீர்கள்.

செலவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழையதைப் புதிதாக்குவது எப்போதும் மலிவு இல்லை. பழைய வாங்கு ஒன்றைப் பிரித்து, இழைத்து, புத்தக அடுக்காகப் பூட்ட ஒரு தச்சருக்கு ஒன்றரை நாள் ஆகலாம். அந்தக் கூலியில் தூள்பலகையில் செய்த புது அடுக்கு ஒன்று கடையில் வாங்கிவிடலாம். ஆனால் தூள்பலகை ஒரு மழைக்காலத்து ஈரத்தில் ஊதும், திருகாணி பிடிக்காது, இரண்டாம் முறை கழற்றிப் பூட்ட முடியாது. பலா வாங்கு உங்கள் பிள்ளை வீடு மாறும்போதும் கூடப் போகும். ஆகவே எல்லாப் பழைய பொருளுக்கும் கூலி கொடுக்காதீர்கள். நல்ல மரம், நல்ல இரும்பு, நல்ல நெசவு என்றால் மட்டும் கொடுங்கள், பேரம் பேசாமல் கொடுங்கள். இந்தக் கைவேலை தெரிந்த பாஸ்மார் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போகிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகிறார்கள். வேலை கொடுக்கப் போகும்போது பொருளையும், வைக்கப்போகும் இடத்தின் நீள அகல உயரத்தையும் எழுதிக் கொண்டுபோங்கள். எப்படிச் செய்யலாம் என்று முதலில் அவரைக் கேளுங்கள், உங்கள் படத்தைப் பிறகு காட்டுங்கள். அந்த மரம் எந்தப் பக்கம் வெடிக்கும், எந்த இணைப்பு அதில் நிற்கும் என்பதைக் கையால் தடவிப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.